சாமி வராத வருஷம்

இயல்பாகப் பேசுவது எப்படி என்று குளியலறைக் கண்ணாடி முன் நின்று நான் இரண்டு வாரம் பயிற்சி செய்திருக்கிறேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. இளமை வேகம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. கூலிம் வட்டாரத்து வாசகர் குழு ஒன்று ‘நீ நீயாக இரு’ என்ற தலைப்பில் பேச என்னை அழைத்திருந்தது. முகமூடிகளைக் கழற்றுவது பற்றி நாற்பது நிமிட உரை ஒன்றை எழுதி மனப்பாடம் செய்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகள். ‘இங்கே தயங்கவும்.’ ‘இங்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்றவும், இப்போதுதான் தோன்றியதுபோல.’ மூன்றாம் பக்கத்தில், ‘குரல் இங்கே லேசாக உடையலாம்.’ உடைந்தது. கைதட்டினார்கள்.

ஒத்திகையின்போது என் மனைவி கதவைத் தட்டி, “உள்ள யாருகூடப் பேசுறீங்க?” என்றாள்.

“நான் நானா இருக்குறதுக்கு ஒத்திகை.”

“பழக்கமில்லாத வேல. பாத்துப் பண்ணுங்க,” என்று போய்விட்டாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், இங்கே நான் எழுதப்போகும் மனிதரை ஒரு காலத்தில் போலி என்று அச்சில் எழுதியவன் நான். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒருமுறை அவரை அச்சில் ஏற்றியதே அவருக்குப் போதும்.

பாடாங் மேஹா போகும் சாலையில் எங்கள் தாமான் என்ற குடியிருப்பு. தோட்டத்து லயங்களை இடித்தபோது வெளியே வந்த குடும்பங்களில் பாதி இங்கேதான் வரிசை வீடுகளில் குடியேறின. அவர் என் பக்கத்து வீடு. நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று, பொதுவான சாக்கடை ஒன்று. ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவருக்குத் தரப் பரிசோதகர் வேலை. தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி மாட்டி, உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, கடுகளவு கறுப்புச் சில்லுகளை எட்டு மணி நேரம் பார்ப்பார். நல்லது ஒரு தட்டில். கீறல் விழுந்தது இன்னொரு தட்டில். பாஸ், ரிஜெக்ட். முப்பது ஆண்டு இதையே செய்த மனிதர் என்பதை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

காலை ஆறே கால் தொழிற்சாலை பஸ்ஸுக்குத் தாமான் முனையில் நிற்பார். அந்த நேரத்தில் பூனைகூட யாரையும் பார்த்துச் சிரிக்காது. அவர் சிரிப்பார். பஸ் ஓட்டுநருக்கு ஒரு சிரிப்பு, மலாய்க்காரப் பெண்களுக்கு ஒரு சலாம், எதிர்வீட்டுச் சீனக் கிழவருக்கு அவர் மொழியில் சாப்பிட்டாயா என்ற ஒரு கேள்வி. அந்த மொழியில் அவருக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“எப்படிண்ணே காலங்காத்தால உங்களுக்குச் சிரிப்பு வருது?”

“எங்க லா வருது? கண்ணே தொறக்க மாட்டேங்குது.”

“அப்புறம்?”

“மொதல்ல சிரிச்சு வச்சுருவேன் தம்பி. மனசு கட்டக் காலு. பின்னாடி மெதுவாத்தான் நடந்து வரும். பஸ்ஸு லூனாஸ் தாண்டறதுக்குள்ள வந்து சேந்துரும்.”

அந்த மனிதர் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தார். எதையும் முதலில் செய்துவிடுவார். உணர்ச்சி பின்னால் வரட்டும் என்று இடம் போட்டு வைத்துக் காத்திருப்பார்.

திருமணத்தைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார், மனைவி சமையலறையில் இருக்கும்போதே. “பெரியவங்க பாத்து கட்டி வச்சது. இது மேல எனக்கு ஒன்னும் தோணல. ரெண்டு வருஷம் பிரியமா இருக்குற மாதிரி நடிச்சேன் தம்பி. மல்லிப்பூ வாங்கிட்டு வர்றது, சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்றது. அப்புறம் ஒருநாள் பாத்தா நடிக்கத் தேவப்படல.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு.”

அந்தக் காலத்தில் நான் படித்த புத்தகங்கள் எல்லாம் இதற்கு நேர் எதிராக இருந்தன. மனிதனுக்குள் ஓர் அசல் ஆள் இருக்கிறான், ஊரும் உறவும் அவன்மேல் சட்டைமேல் சட்டையாக மாட்டிவிட்டன, கழற்றினால் தெரிவான் என்றார் ஒருவர். கழற்றிப் பார்த்தேன், உள்ளே யாரும் இல்லை, உன்னை நீயேதான் தைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அடுத்தவர். ஊரே இல்லாமல் துணிக்கு எங்கே போவாய் என்று கேட்டார் மூன்றாமவர். நான் முதலாமவரோடு நின்றுவிட்டேன். அவர் புத்தகம்தான் மெல்லியது. இப்போது இதையெல்லாம் கோப்பிக் குவளைகளில் அச்சடித்து விற்கிறார்கள். நான் முகவராக இருக்கும் காப்புறுதி நிறுவனம்கூட ‘உண்மையான நீங்கள்’ என்று ஒரு நாள் பயிலரங்கு நடத்தியது. முடிவில் அறுபது பேருக்கும் ஒரே நிறத்தில் டி-சட்டை கொடுத்தார்கள். நான் இன்னும் போடுகிறேன். நல்ல துணி.

அவரோடு போன ஒரு சாவு வீடு நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் மண்டோராக இருந்து, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் வைது ஓய்ந்த கிழவர் இறந்துபோனார். கூட்டம் வந்தது, கடமைக்கு. பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இவர் நேராகப் போய்க் கால்மாட்டில் நின்று, “ஐயா, போய்ட்டீங்களாய்யா,” என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவ்வளவு அப்பட்டமான வேஷத்தை நான் பார்த்ததில்லை. ஐந்து நிமிடத்தில் மூத்த மகன் அழுதான். பிறகு வீடே அழுதது.

திரும்பி வரும்போது காடியை ஓட்டிக்கொண்டே கேட்டேன், “அந்த ஆள் மேல உங்களுக்கு அவ்ளோ பாசமாண்ணே?”

“பாசமா? எங்கப்பாவ செவத்துல வச்சு அடிச்ச ஆளு அது.” ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். “அழுவ ஆளில்லாம ஒருத்தன் போகக் கூடாதுன்னு ஆரம்பிச்சேன் தம்பி. பாதியில எங்கப்பா ஞாபகம் வந்துருச்சு. அதுக்கப்புறம் அழுதது யாருக்குன்னு எனக்கே தெரியல.”

வீட்டுக்கு வந்ததும் இதை நான் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். எழுதிய தலைப்பு, ‘போலி உணர்ச்சி: ஓர் எடுத்துக்காட்டு.’

இனி சாமி.

பழைய தோட்டத்து எல்லையில், செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. லயம் போனாலும் சாமி போகவில்லை. வருடத்துக்கு ஒரு திருவிழா. உறுமி மேளம் உச்சத்துக்கு ஏறும்போது இவர்மேல் சாமி வரும். சுருட்டும் சாட்டையுமாக அரிவாள்மேல் ஏறி நின்று வாக்குச் சொல்வார். முனியாண்டிக்கு இவ்வளவு நடைமுறை அறிவு இருந்தது எனக்கு வியப்பு. மயக்கம் வருகிறது என்ற ஒரு கிழவியிடம், “கிளினிக்குப் போ. ரத்தம் எடுத்துப் பாரு. இனிப்பத் தொடாத,” என்றது சாமி. பினாங்கில் வேலை கிடைத்தும் போகத் தயங்கிய பெண்ணிடம், “போ. அம்மாவ நான் பாத்துக்குறேன்,” என்றது. மறுவாரத்திலிருந்து அந்த அம்மாவுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்தவர் இவர்.

அப்படி ஒரு திருவிழாவில்தான் மணியத்தின் கையைச் சாமி பிடித்தது. மணியம் அதே தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். சம்சு குடியன். மனைவி செல்வி பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். சாமி அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டி, எரியும் சூடத்துமேல் அவன் கையை நீட்டவைத்து, “தொடமாட்டேன்னு சொல்லு,” என்றது. சொன்னான். தொடவில்லை. செல்வி திரும்பி வந்தாள். நான்கு ஆண்டுகள் அந்தக் கயிறு, வேர்வையிலும் எண்ணெயிலும் கறுத்து, அவன் கையில் கிடந்தது.

ஐந்தாம் ஆண்டுத் திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை, சாக்கடை அடைத்துக்கொண்டது. நானும் அவரும் ஆளுக்கொரு குச்சியோடு குத்திக்கொண்டிருந்தோம். சாக்கடை குத்தும்போது மனிதர்கள் உண்மை பேசுகிறார்கள். வேறு எதையும் மறைக்க அங்கே கைகள் ஒழிவதில்லை.

“அண்ணே, ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. நெஜமாவே சாமி வருதா?”

“சில வருஷம் வரும். ஒறுமி அடிச்சதும் பாதத்துல இருந்து ஏறும். அதுக்கப்புறம் ஒன்னும் தெரியாது. சில வருஷம் வராது.”

“வராத வருஷம் என்னா செய்வீங்க?”

“வராத வருஷம் நான் போய்க் கூட்டிட்டு வருவேன்.”

“அப்ப நடிப்புத்தான?”

“கம்பெனி பஸ்ஸு வரலன்னா வேலைக்குப் போவாம இருந்துருவியா? மோட்டார்ல போவ. போற எடம் ஒன்னுதான லா.” குச்சியை ஓங்கிக் குத்தினார். “மணியத்துக்குக் கயிறு கட்டுன வருஷம் வரல. ஒரு மணி நேரம் மேளம் அடிக்கிறாங்க, கால் கல்லாட்டம் இருக்கு. செல்வி ரெண்டு புள்ளைங்களோட மொத வரிசையில நிக்குது. வரலன்னு சொல்லி நான் வீட்டுக்குப் போவ முடியுமா?”

தண்ணீர் மளமளவென்று ஓடியது. அவருக்குச் சாக்கடை திறந்த சந்தோஷம். எனக்குக் கட்டுரை கிடைத்த சந்தோஷம்.

எட்டு நாள் கழித்து, நான் எழுதும் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் என் பத்தி வந்தது. ‘அருள்வாக்கா, அரங்கமா?’ பக்கத்து வீட்டுக்காரர் என்று எழுதவில்லை. ‘எனக்கு நன்கு தெரிந்த ஒரு சாமியாடி’ என்று எழுதினேன். மணியத்தின் பெயரையும் எழுதவில்லை; ‘ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்’ என்று மறைத்துவிட்டேன். அந்தக் கோயில் வட்டாரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் ஒருவன்தான். கடைசி வரி இன்னும் எனக்கு மனப்பாடம்: ‘பொய்யால் கட்டப்பட்ட கயிறு எத்தனை நாள் தாங்கும்?’

அன்றே அதற்கு விடை தெரிந்தது.

மாலை நாலு மணி இருக்கும். மணியம் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக் கேட்டில் வந்து நின்றான். நான் என் முன்னறையில், கண்ணாடித் தகடு ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். இரண்டு எட்டு வைத்தால் சுவர். நான் வைக்கவில்லை.

“அண்ணே, எனக்குக் கட்டுன வருஷம் சாமி வரலயா?”

வந்தது என்று சொல்லுங்கள், அந்த எழுத்தாளன் புளுகுகிறான் என்று சொல்லுங்கள் என்று நான் உள்ளே இருந்து மனத்துக்குள் கெஞ்சினேன். உண்மை பற்றி ஊருக்குப் போதித்தவன், ஒரு பொய்க்காக அப்படி வேண்டிக்கொண்டது அன்றுதான்.

“வரல மணியம்.”

“அப்ப இது யாரு கட்டுனது?”

“நான்தான்.”

மணியம் சாவிக்கொத்தில் தொங்கிய நகவெட்டியை எடுத்தான். கயிறு தடிமனாக இருந்தது. நகவெட்டியால் கயிறு அறுக்க நேரம் பிடிக்கும். அவர் குறுக்கே போகவில்லை. அறுத்து முடித்ததும் அதை கேட்டின்மேல் வைத்தான். “சாமி இல்லன்னா சத்தியமும் இல்லண்ணே,” என்றான்.

அப்போது நான் செய்தது இது. ஜன்னலின் கைப்பிடியை மெதுவாகத் திருகி, சத்தம் வராமல், தகடுகளை மூடினேன்.

அந்த வாரமே கோயில் தலைவர் அவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். என் பத்தியை வெட்டிப் பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்து வந்திருந்தார், சான்றிதழ்போல. “அண்ணே, இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க. சனங்க ஒரு மாதிரியா பேசுறாங்க.” இவர், “சரி லா. வேற என்னா வேல இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். காடிகள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு விசிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

திருவிழாவுக்கு வேறு ஊரிலிருந்து ஒரு சாமியாடி வந்தார். கட்டுமஸ்தான உடல், இடுப்புவரை முடி. மேளம் ஆரம்பித்த மூன்றாவது நிமிடத்தில் சாமி வந்துவிட்டது. கண்ணாடி முன் நின்று பழகியவர் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. இனம் இனத்தை அறியும். எல்லோருக்கும், “நல்லதே நடக்கும்,” என்று வாக்குச் சொன்னார். யாரையும் கிளினிக்குக்குப் போகச் சொல்லவில்லை.

நான் காடிகள் பக்கம் ஒதுங்கினேன். அங்கே செம்பனை மரத்தடியில் இவர் நின்றிருந்தார், தொழிற்சாலைச் சட்டை, கழுத்தில் விசில். உறுமி ஏறியது. இரும்பு வேலித் தூண் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். குதிகால்கள் மண்ணில் தடதடவென்று அடித்தன. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருந்தது. விசில் மார்பில் துள்ளித் துள்ளி விழுந்தது. பின்னால் ஒருவன் காடியை எடுக்க வழி கேட்டு ஹாரன் அடித்தான். நான் போய் அவனுக்கு வழி காட்டினேன். அந்தத் திருவிழாவில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

மேளம் ஓய்ந்ததும் அவர் தூணை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

“இந்த வருஷம் வந்துச்சு தம்பி,” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பஸ் வந்ததைச் சொல்வதுபோல. “எடமில்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்.”

நடிப்பை ஒழிக்கவேண்டும் என்று எழுதியவன் நான். என் கட்டுரையின் பலனாக எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர் நடிக்க நேர்ந்தது. சாமி வந்தும் வராததுபோல நடித்தார்.

மணியம் திருவிழாவுக்கு வரவில்லை. அவன் சம்சு குடிக்கும் இடம், சாலையோரத்தில் மூடிக்கிடந்த ஒரு மோட்டார் பட்டறைக்குப் பின்புறம். திருவிழா முடிந்த திங்கட்கிழமையிலிருந்து இவர் வேலை விட்டு பஸ்ஸில் இறங்கியதும் வீட்டுக்குள்கூட நுழையாமல் தம் மோட்டாரை எடுத்துக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தார். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய, பாலில்லாத கோப்பி ஓ ஒன்று. மணியத்துக்கு எதிரே ஒரு பழைய டயர்மேல் உட்காருவார். புத்தி சொல்லமாட்டார். மணியம் சம்சு குடிப்பான். இவர் உறிஞ்சுகுழலில் கோப்பி குடிப்பார். இருட்டுவதற்குள், “போவமா?” என்பார். பின்னால் உட்காரவைத்து, ஒரு கையால் அவன் கையைத் தம் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓட்டிவந்து செல்வியிடம் விட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் சுவரருகே நின்று சொன்னார், “அவன் என்னை வையிறான் தம்பி. சாமின்னு ஏமாத்துனது பத்தாதா, இப்ப மனுசனா வந்து உயிர எடுக்குறியான்னு கேக்குறான்.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“நாளைக்கு வரேன்னு சொன்னேன்.”

மாதக்கணக்கில் போனார். மழைக்காலத்தில் தலையில் ஹெல்மெட்டோடு டயர்மேல் உட்கார்ந்திருந்ததை நானே சாலையிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் காடியை நிறுத்தவில்லை. வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் காத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாலை மணியம், “எனக்கும் ஒரு கோப்பி வாங்கியாந்தா என்னா?” என்று கேட்டானாம். அதன் பிறகு இரண்டு பைகள் போயின. பின்னர் பட்டறைக்குப் பதிலாகச் சாலை முனைக் கடைக்கே இருவரும் போனார்கள். நடுவில் இரண்டு தடவை மணியம் சறுக்கினான். இவர் மறுபடி டயரில் போய் உட்கார்ந்தார். மணியம் ஒருமுறை புதுக்கயிறு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியபோது, “கயிறெல்லாம் வேணாம். ஹெல்மெட்ட மாட்டு,” என்றாராம்.

நானோ மன்னிப்புக் கேட்டு ஒரு கட்டுரை எழுதினேன். பிரமாதமாக வந்தது. ‘நான் அறுத்த கயிறு’ என்று தலைப்பு. ஓரத்தில் குறிப்புகள் எழுதத்தான் இடமில்லை. மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “பக்கத்து வீட்டுக்குச் சொல்ல பேப்பர்ல எதுக்குப் போடணும்? செவுரு இடுப்பளவுதான இருக்கு,” என்றாள்.

போனேன். கட்டுரையின் முக்கியப் பகுதிகளைச் சொன்னேன். அவர் மோட்டார் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டார். எனக்குக் குரல் சரியான இடத்தில் உடைந்தது. அவர் நிமிர்ந்து, உருப்பெருக்கியில் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

“மனசுல இருந்து வருதா தம்பி?”

பொய் சொல்ல நினைத்தேன். வாய் ஒத்துழைக்கவில்லை. “பாதிதாண்ணே. மீதி நேத்து எழுதுனது.”

அவர் சிரித்த சிரிப்பில் எண்ணெய் தரையில் கொட்டியது. “ரிஜெக்ட்,” என்றார். “பரவால்ல. அடுத்த வாரம் வந்து திரும்பச் சொல்லு. சொல்லச் சொல்ல வரும்.”

நம்பமாட்டீர்கள், அடுத்த வாரம் போனேன். அதற்கடுத்த வாரமும். சனிக்கிழமை காலை, சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். “அண்ணே, நான் செஞ்சது தப்பு.” “ம். போன வாரத்துக்கு இது பரவால்ல. முழிதான் சரியில்ல.” சில வாரம் செருப்பு அறுந்ததையும் மழை பெய்ததையும் பேசிவிட்டு மறந்துபோய் உள்ளே திரும்புவேன். “தம்பி, இன்னைக்கு சரக்கு வரல,” என்று குரல் கொடுப்பார். எங்கள் இருவருக்கும் அது ஒரு விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். எந்த வாரத்திலிருந்து அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று என்று தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை சுவரருகே நின்றவனுக்கு அந்த நகவெட்டிச் சத்தம் காதில் கேட்டது. வாய் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. திரும்பி வீட்டுக்குள் போய்விட்டேன். அன்று அவர் ரிஜெக்ட் என்று சொல்லவில்லை. பாஸ் என்றும் சொல்லவில்லை. அதை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

அவர் மறுபடி அரிவாள்மேல் ஏறவும் இல்லை. கோயில் தலைவர் அடுத்த ஆண்டு வந்து கூப்பிட்டார். “வேணாம் லா. விசிலு பழகிப்போச்சு,” என்றுவிட்டார். பத்துத் திருவிழா காடி நிறுத்தினார். சாமி வந்ததா, எத்தனை முறை திருப்பி அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதியை ஒரு சாக்கடையோரத்தில் தொலைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு, தூக்கத்திலேயே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குத் தாமான் மண்டபத்தில் சாப்பாடு. எழுத்தாளர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். தாளில்லை, சிவப்பு மையில்லை. நான் செய்ததைச் சொன்னேன். ஒரு குடும்பத்தைக் கெடுக்கப் பார்த்தேன், ஒரு மனிதரைச் சாமி இடத்திலிருந்து இறக்கிக் காடி நிறுத்த வைத்தேன், ஜன்னலை மூடினேன் என்று. பாதியில் மூக்கு ஒழுகி, சத்தம் கேவலாக வந்து, மைக் கிறீச்சிட்டு, யாரோ வந்து அதை வாங்கிக்கொண்டார்கள். அசிங்கமாக இருந்தது. கைதட்டல் இல்லை.

சாப்பாட்டுப் பந்தியில் மணியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. வெறும் மணிக்கட்டு. எனக்கு ரசம் ஊற்றச் சொல்லிக் கை காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, இத்தன வருஷமா இத மனசுல வச்சிருந்தீங்களா?”

தலையாட்டினேன்.

“நீங்க எழுதுறதுக்கு ஒரு மாசம் முந்தியே நான் குடிக்க ஆரம்பிச்சுட்டண்ணே. மறைச்சு மறைச்சு. செல்விகிட்ட என்னா சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருந்தேன். உங்க பேப்பரு நல்ல நேரத்துல வந்துச்சு.”

“அவருக்குத் தெரியுமா?”

“மொத வாரமே சொல்லிட்டேனே, அந்தப் பட்டறையில.” அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டான். “அப்புறம் நீங்க சனிக்கிழமையானா செவுத்துகிட்ட வந்து நிக்கிறீங்கன்னு கேள்விப்பட்டு, உங்ககிட்டயும் வந்து சொல்லிரலாம்னுதான் இருந்தேன். அவருதான் வேணாம்னுட்டாரு. தம்பி இப்பதான் வெக்கப்படப் பழகிட்டு இருக்கு, நடுவுல போய்க் கலைச்சு விட்றாதன்னாரு.”